மக்குப் பையன் என்கிற பாத்திரம்

எழுத்தாளன் தன் கதையைத் தானே விமர்சனம் செய்வது அவ்வளவு மரியாதையான காரியமல்ல என்று ஒரு கட்சி உண்டு. இத்தனை நாளும் நான் அந்தக் கட்சிக்காரன்தான். ஆனால் பதினைந்து வருஷங்களுக்கு முன்பு நான் எழுதிய ஹாஸ்யக் கதை ஒன்றை என் அக்காள் மகள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கட்சி மாறுவதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆகிவிட்டது.

அவள் முட்டுக்காட்டில் சிறப்புக் கல்வி ஆசிரியையாகப் பயிற்சி பெறுகிறாள். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிறவர்களுக்கு முட்டுக்காடு என்றால் கழியும் படகுத்துறையும்தான். பஸ் பாலத்தின்மேல் போகும்போது எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பித் தண்ணீரைப் பார்ப்பார்கள். அதே ஊரில், அதே சாலையில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கென்று மத்திய சர்க்கார் 2005ல் ஏற்படுத்திய தேசிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறவர்கள் குறைவு. நானும் பல வருஷம் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

கதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் ஒரு மக்குப் பையன் வருகிறான். கோபாலு என்று பெயர் வைத்திருந்தேன். ஐந்தாம் வகுப்பு. உபாத்தியாயர் வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று கணீரென்று ஒரு பக்கம் முழுவதும் ஒப்பிப்பான். கையிலிருக்கும் புஸ்தகம் வேறு பக்கம் திறந்திருக்கும். வரிசையாக வாசித்து வரும்போது தன் முறை நெருங்கினால் அவனுக்குத் தண்ணீர் தாகம் எடுத்துவிடும். நோட்டின் மேல் அட்டையில் தன் பெயரை ஒரு மாதிரி எழுதியிருப்பான், உள்ளே வேறு மாதிரி. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொன்னால் முதல் வரி முடிவதற்குள் உபாத்தியாயர் பலகையை அழித்துவிடுவார். ஒரு வரியில் 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லை வியர்க்க விறுவிறுக்கக் கூட்டிப் படித்திருப்பான். அடுத்த வரியில் அதே சொல் வரும்போது முன்பின் கண்டிராதவன் போல் திகைத்து நிற்பான். ஆனால் கூடை மீன் என்ன விலை, கழிவு போக எத்தனை நிற்கும் என்று வாயால் கேட்டால் உபாத்தியாயருக்கு முன்னால் சொல்லிவிடுவான். அவனுடைய அப்பனும் ஐந்து வருஷம் பள்ளிக்கூடம் போனவன்தான், இருந்தும் கைநாட்டு. கதை முடிவில் பள்ளி ஆய்வாளர் வருகிறார், கோபாலு தலைகீழாகப் புஸ்தகத்தைப் பிடித்துக்கொண்டு பிரமாதமாக 'வாசிக்கிறான்', ஆய்வாளர் மெச்சுகிறார், வகுப்பு வெடித்துச் சிரிக்கிறது. வாசகர்களும் சிரித்தார்கள். பத்திரிகைக்குக் கடிதங்கள் வந்தன. ஆண்டு மலரில் மறுபடி போட்டார்கள்.

என் மருமகள் ஏழு இடத்தில் கோடு போட்டிருந்தாள்.

"மாமா, இந்தப் பையனை நீங்க நெஜமாப் பார்த்திருக்கீங்க இல்ல?" என்றாள்.

"என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்."

"அதான். பார்க்காம எழுத முடியாது. நான் கோடு போட்டது அத்தனையும் எங்க பாடத்துல இருக்கு. ரிப்போர்ட் மாதிரி எழுதியிருக்கீங்க. இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்குன்னுதான் எனக்குப் புரியலை."

நான் பதில் சொல்லவில்லை. விமர்சகர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். பாத்திரம் உயிரில்லாமல் இருக்கிறது, நடை இழுக்கிறது என்றெல்லாம். அதற்கெல்லாம் பதில் வைத்திருக்கிறேன். பாத்திரம் நூற்றுக்கு நூறு உண்மை, எழுதியவனுக்கு மட்டும் அவன் யாரென்று தெரியவில்லை என்று எந்த விமர்சகரும் சொன்னதில்லை.

இந்த இடத்தில் 1896ஆம் வருஷத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் ஸீஃபோர்ட் என்ற கடற்கரை ஊரில் பிரிங்கிள் மார்கன் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவரிடம் பெர்ஸி என்று பதினாலு வயசுப் பையன் ஒருவன் வந்தான். புத்திசாலி, விளையாட்டில் சூட்டிகை, கணக்கு வரும், எண்களைத் தடுமாறாமல் படிப்பான், கண்ணில் கோளாறு இல்லை. எழுத்து மட்டும் ஏறவில்லை. ஏழு வயசிலிருந்து தனி வாத்தியார் வைத்தும் பயனில்லை. தன் பெயரையே எழுத்தை இடம் மாற்றி 'ப்ரெஸி' என்று எழுதினான். எழுதிவிட்டு அதில் தப்பிருப்பதையும் உணரவில்லை. படிப்பு முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமானால் இவன்தான் பள்ளிக்கூடத்தில் முதல் பையனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். இதையெல்லாம் மார்கன் ஒரு சிறு கட்டுரையாக எழுதி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலுக்கு அனுப்பினார். சின்ன வயசிலிருந்தே இருக்கிற இந்தக் கஷ்டத்தை மருத்துவ உலகம் கவனிக்கத் தொடங்கியது அந்தக் கட்டுரையிலிருந்துதான். அவர் அதற்குப் பிறவிச் சொற்குருடு என்று பெயர் வைத்தார். டிஸ்லெக்ஸியா என்ற சொல்லை 1887லேயே ஜெர்மனியில் பெர்லின் என்ற பெயருள்ள கண் டாக்டர் உண்டாக்கிவிட்டார். பிற்பாடு அதுதான் நிலைத்தது.

மார்கன் கையிலிருந்த சரக்கு என் கையிலிருந்ததைவிட அதிகமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தன் பெயரைத் தப்பாக எழுதும் பையன், வாயால் கேட்டால் சொல்லும் பையன். அவருக்கு அது ஒரு கேள்வியாகப் பட்டது. எனக்கு அது ஒரு கதையின் கடைசிப் பாராவாகப் பட்டது.

இதைச் சொல்லிவிட்டுத்தான் 'தாரே ஜமீன் பர்' படத்தைப் பற்றிச் சொல்லும் அருகதை எனக்கு வரும். 2007ல் ஆமிர்கான் இயக்கிய ஹிந்திப் படம். கதை அமோல் குப்தே. வந்தபோது பார்த்து அழுதவர்களில் நானும் ஒருவன். என் ஹாஸ்யக் கதையை அதற்குப் பிறகுதான் எழுதினேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். படத்திலுள்ள இஷான் அவஸ்தியையும் என் கோபாலுவையும் நான் சம்பந்தப்படுத்திப் பார்க்கவே இல்லை. இஷான் பம்பாய்ப் பையன், இங்கிலீஷ் பள்ளிக்கூடம், பியும் டியும் திரும்பிப் போகிறவன், எல்லாவற்றுக்கும் மேலாக அற்புதமாகப் படம் வரைகிறவன். கோபாலுவுக்கு அதில் ஒன்றும் இல்லை. இப்போது மறுபடியும் பார்த்தேன். என் மறதிக்குப் படமும் கொஞ்சம் காரணம் என்று தோன்றுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஓவிய ஆசிரியர் நிகும்ப், பையனின் வீட்டுக்கே போய், அவனுடைய பழைய நோட்டுகளைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டுகிற காட்சி இருக்கிறதே, அது எந்தப் படத்துக்கும் கௌரவம் தரக்கூடியது. தப்பு என்று சிவப்பு மசியால் அடித்துப் போட்ட பக்கங்களை அவர் ஒரு நூலைப் படிப்பது போலப் படிக்கிறார். இந்தத் தப்பு இங்கே வருகிறது, இதே தப்பு அங்கேயும் வருகிறது, ஒரே சொல் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே இது அசட்டையல்ல, இதற்குப் பின்னால் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார். தகப்பனார் பையனின் திமிர் என்கிறார். நிகும்ப் ஒரு பெட்டியை எடுத்து அதில் அச்சிட்டிருக்கும் கீழை நாட்டு எழுத்தைப் படிக்கச் சொல்கிறார். படிக்கத் தெரியாதே என்றால், அதுவும் திமிர்தானே! விமர்சனம் என்று நாங்கள் பத்திரிகைகளில் நடத்துவதைவிட இது உயர்ந்த விமர்சனம். எழுதியவனுடைய பிழையை வைத்து எழுதியவனை அறிவது.

அதற்கப்புறம் படம் சறுக்குகிறது. நிகும்ப் வகுப்பில் மேதைகளின் ஜாபிதா ஒன்றைச் சொல்கிறார். ஐன்ஸ்டைன், டாவின்ஸி, எடிஸன் என்று. இறந்துபோனவர்களுக்கு நோய் கண்டுபிடிப்பது சுலபம், அவர்கள் மறுக்க வரமாட்டார்கள். ஐன்ஸ்டைன் பள்ளியில் கணக்கில் கெட்டிக்காரராகவே இருந்தார் என்பதற்கு மதிப்பெண் பட்டியலே இருக்கிறது. இது சின்ன விஷயம். பெரிய விஷயம், கடைசியில் ஓவியப் போட்டி வைத்து இஷான் முதல் பரிசு வாங்குவது. ஊரே கை தட்டுகிறது. நமக்கும் கண் நிறைகிறது. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தால், படம் முழுவதும் எந்தத் தகப்பனாரைக் கண்டித்ததோ, அவருடைய கட்சியே அல்லவா ஜயித்துவிட்டது? பிள்ளை முதலாவதாக வர வேண்டும் என்றார் அவர். வந்துவிட்டான், வேறு பாடத்தில்.

இந்தக் கதை நமக்குப் புதிதும் அல்ல. திருவானைக்காவில் மடைப்பள்ளியில் வேலை பார்த்த வரதன் ஒன்றும் தெரியாதவன், அகிலாண்டேஸ்வரி தாம்பூலச் சாற்றை அவன் வாயில் உமிழ்ந்தாள், காளமேகம் ஆகிவிட்டான். உட்கார்ந்திருந்த கிளையை வெட்டிய காளிதாசனுக்குக் காளி அருள் செய்தாள். ஐந்து வயசுவரை பேசாத குமரகுருபரர் திருச்செந்தூரில் வாய் திறந்ததும் பாட்டாகவே வந்தது. மந்தமான பிள்ளையைப் பற்றி நம்மிடம் இரண்டு வகைக் கதைதான் இருந்திருக்கிறது. ஒன்று பரமார்த்த குருவின் சீடர்கள் வகை, சிரிப்பதற்கு. இன்னொன்று காளமேகம் வகை, கும்பிடுவதற்கு. நான் எழுதியது முதல் வகை. ஆமிர்கான் எடுத்தது இரண்டாவது வகை. அகிலாண்டேஸ்வரி மட்டும் கோமாளி வேஷம் போட்டுக்கொண்டு வகுப்பறைக்குள் வருகிறாள். இரண்டு வகையிலும் அந்தப் பையன் சாதாரணமாக எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டு சாதாரணமாக வீட்டுக்குப் போகிற கதை இல்லை.

என் பெஞ்சுக்காரனுக்குப் படம் வரையத் தெரியாது. பாட்டு வராது. கடலோரப் பையனாயிற்றே, காற்றை வைத்து மழையைச் சொல்வான் என்று எழுதிவிட எனக்குக் கை பரபரக்கிறது. அப்படி ஒன்றும் அவன் சொன்னதில்லை. கணக்குப் போடுவான், நன்றாகச் சிரிப்பான், அவ்வளவுதான். பரிசு வாங்க ஒன்றுமில்லாத பிள்ளைக்கும் எழுத்து வர வேண்டும் அல்லவா? படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும் தாய் தகப்பன், தங்கள் பிள்ளையிடம் என்ன கலை ஒளிந்திருக்கிறது என்று தேடுவார்களே தவிர நோட்டைப் புரட்ட மாட்டார்கள். நானே புரட்டவில்லையே.

தமிழ்ப் பிள்ளைகளைப் பொறுத்தவரை படம் இன்னொரு வகையிலும் திசை தப்ப வைக்கிறது. எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிப் போவதுதான் அடையாளம் என்று ஜனங்கள் மனசில் பதிந்துவிட்டது. ஆறு ஏழு வயசுவரை அநேகக் குழந்தைகள் அப்படித் திருப்பி எழுதும். பிறகு தானே சரியாகிவிடும். தமிழிலோ அப்படித் திரும்புவதற்குப் பியும் டியும் போன்ற ஜோடி எழுத்துக்களே அபூர்வம். ணகர னகரமும் லகர ளகரமும் மாறுவதை அடையாளமாக எடுத்துக்கொண்டால், பத்திரிகாசிரியர்கள் உள்பட தமிழ்நாட்டில் பாதிப் பேரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

நம் எழுத்தின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி ககரத்துக்குப் பின்னால் வருகிறது. 'கொ' என்றால் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் எழுத்து. காதுக்கு ஒரே ஓசை. கண் போகிற வரிசையும் காது கேட்கிற வரிசையும் ஒன்றல்ல. மற்றக் குழந்தைகள் இதை ஒரு வருஷத்தில் தாண்டிவிடுகின்றன. சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கேட்பதிலேயே சிரமப்படும் குழந்தை இங்கே நின்றுவிடுகிறது. கால் விழுந்து 'கொடி' 'கெடி' ஆகும்; குறில் நெடிலாகும்; புள்ளி காணாமல் போகும். இதையும் ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு கட்டக்கூடாது என்கிறாள் என் மருமகள். வருஷம் போயும் போகாத பிழை, ஒரே சொல்லுக்கு நாளுக்கு ஒரு பிழை, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கும் பழக்கம், 'பட்டம்' என்பதைப் 'பாடம்' என்று படித்துவிட்டு மேலே போவது, நாலு வரி வாசிப்பதற்குள் மூட்டை தூக்கினவன் மாதிரி களைத்துப்போவது, வீட்டில் இன்னொருவருக்கும் இதே கதை இருப்பது. இவை சேர்ந்து வரும்போதுதான் சந்தேகிக்க வேண்டுமாம். அப்போதும் முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

இன்னொன்று சொன்னாள், எனக்கு அது புதிது. இங்கிலீஷ் போல எழுத்து ஒன்று உச்சரிப்பு ஒன்றாக இல்லாமல், எழுதியபடி படிக்கிற பாஷைகளில் இந்தப் பிள்ளைகள் அவ்வளவு தப்பாகப் படிப்பதில்லை, மெதுவாகப் படிக்கிறார்கள் என்று. 2001ல் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து மூன்று தேசத்து மாணவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆராய்ச்சியில், இத்தாலிக்காரர்கள் மற்றவர்களைவிடச் சரியாகப் படித்தார்கள்; ஆனால் படிக்கும்போது மூளை வேலை செய்த விதத்தில் மூன்று தேசத்தாரிடமும் ஒரே குறைதான் தென்பட்டது. தமிழும் பெரும்பாலும் எழுதியபடி படிக்கிற பாஷை. ஆகவே நம் ஊரில் இந்தப் பிள்ளை 'தப்பாகப் படிக்கிறவன்' என்று கண்ணில் படாமல், 'சோம்பேறி' என்று பெயர் வாங்கிக்கொண்டு பின் பெஞ்சில் உட்கார்ந்துவிட இடமிருக்கிறது. அதோடு நம் பள்ளிகளில் மனப்பாடத்துக்கு இருக்கிற மதிப்பு. காதால் கேட்டே பக்கம் பக்கமாக ஒப்பிக்கிற பிள்ளை ஐந்தாம் வகுப்புவரை தப்பித்து வந்துவிடும். என் கோபாலு அப்படி வந்தவன்தான்.

படத்தில் நிகும்ப் இஷானுக்கு மணலில் எழுதக் கற்றுக்கொடுக்கிறார். களிமண்ணில் எழுத்துச் செய்யச் சொல்கிறார். கையில் விரலால் எழுதிக் காட்டுகிறார். கண், காது, கை மூன்றும் சேர்ந்து ஒரே எழுத்தைப் பிடிக்கிற வழி. அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற டாக்டரும் கில்லிங்ஹாம் என்ற அம்மாளும் 1920, 30களில் வகுத்த முறையின் வழியில் வந்தது இது. தியேட்டரில் நம்மவர்கள் அதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வைத்தியம் போல் பார்த்தார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி, விரலைத் தேய்த்து, 'ஆனா' என்று உரக்கச் சொல்லிக்கொண்டு எழுதின தாத்தாக்களின் பேரன்கள்தான். சென்னையில் எழும்பூர் அனாதை விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரி, 1789க்குப் பிறகு இந்த மண்ணெழுத்தைப் பார்த்துவிட்டு, தன் பள்ளியில் கையாண்டு, 1797ல் லண்டனில் புஸ்தகமாகவே போட்டார். அங்கே அதற்கு மதராஸ் முறை என்று பெயராயிற்று. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதே திண்ணையில் எழுத்து வராத பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கோதண்டம் போட்டதும் உண்டு. மணல் இருந்தது, பிள்ளையின் தப்பைப் படிக்கிறவர் இல்லை.

2013ல் வந்த ராமின் 'தங்க மீன்கள்' தமிழில் இந்த விஷயத்துக்குக் கிட்டத்தில் வந்த படம். படிப்பு மெதுவாக ஏறுகிற செல்லம்மாவைத் தகப்பன் கல்யாணி நேசிக்கிறான். அவளைத் திருத்துவதற்காக அல்ல, அவள் அவளாக இருப்பதற்காக. அந்த அன்பு ஹிந்திப் படத்தில் இல்லை. ஆனால் படத்தின் கோபமெல்லாம் பள்ளிக் கட்டணத்தின் மேல் போய்விடுகிறது. நியாயமான கோபம்தான். அன்பு இருக்கிற இடத்தில் நோட்டைப் புரட்டுகிற கையும் சேர்ந்திருக்கக்கூடாதா என்று எனக்கு ஏக்கம்.

ஹிந்திப் படத்துக்கு நியாயமான முடிவு ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. நிகும்பைப் பார்த்துப் பேசிவிட்டு வெளியே வருகிற தகப்பனார், தூரத்தில் தன் பிள்ளை அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்று, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்க முயல்வதைப் பார்க்கிறார். போட்டி இல்லை, பரிசு இல்லை. ஏதோ ஒரு சாதாரண நோட்டீஸ். பிள்ளை படிக்கிறான். நான் எடுத்திருந்தால் அங்கேயே விளக்கைப் போட்டிருப்பேன். படம் ஓடியிருக்காது என்பதும் தெரியும்.

சட்டம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1990களின் தொடக்கத்திலிருந்தே வேலை செய்து வந்தபோதிலும், 1995ஆம் வருஷச் சட்டத்தில் இதற்கு இடமில்லை. 2016ல் வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் இருபத்தொரு வகைகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. பரீட்சையில் கூடுதல் நேரம், எழுத உதவியாள் போன்ற சலுகைகள் உண்டு. சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு யாராவது முதலில் சந்தேகப்பட வேண்டும்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெஞ்சுக்காரனைத் தேடிக்கொண்டு போனேன். ஏழாவதோடு நின்றவன். கோவளத்துக்குத் தெற்கே ஐஸ் கம்பெனி ஒன்றில் வேலை. என்னைக் கண்டதும், "வாய்யா எழுத்தாளரே" என்று பாய் போட்டான். கதையைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று நான் தயங்கிக்கொண்டிருக்கையில் அவனே ஆரம்பித்தான்.

"எங்க வீட்டுக்காரி படிச்சுக் காட்டிச்சு. நல்லாச் சிரிச்சோம். அந்தத் தலைகீழ்ப் பொஸ்தகம் மட்டும் நீ கட்டி வுட்டது. நான் ஒரு நாளும் தலைகீழாப் புடிச்சதில்ல."

உண்மைதான். அது நான் சேர்த்தது.

அவனுக்கு நாலாவது படிக்கிற பையன் ஒருவன் இருக்கிறான். நான் இருந்த நேரமெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். நோட்டுப் புஸ்தகம் எல்லாம் எங்கே என்று கேட்டேன். வருஷம் முடிந்ததும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடுவார்களாம். அவன் மனைவி உள்ளே போய்த் தேடி, அரிசிப் பானைக்கு மூடியாகக் கிடந்த ஒன்றை மட்டும் தட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். தமிழ்க் கட்டுரை நோட்டு. மேல் அட்டையில் பெயர் எழுதியிருந்தது. முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், அங்கேயும் எழுதியிருந்தது.

மருமகளிடம் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். பையன் என் பின்னாலேயே பஸ் நிற்கும் இடம்வரை வந்தான். வருகிற பஸ் எங்கே போகிறது என்று கேட்டேன். போர்டைப் பார்க்காமல், டிரைவரைப் பார்த்து, "அடையாறு" என்றான்.